‘நமுத்த வெடி’ போஸ்டர்

— இருபத்தி மூணுன்னா போட்டிருக்கு? நல்லாப் பாத்தீகளா அப்பா?

— நான் எங்கத்தா பாத்தேன்? நான் ஒட்டுறவன். படிச்சுப் பாக்குறதுக்கா எனக்கு வேலை குடுத்திருக்காக?

— ‘ஆகஸ்ட் 23, ஞாயிறு’ன்னு இருக்குதாம்ப்பா. இந்த வருசம் இருபத்தி மூணு சனிக்கெளமை. ஞாயிறு இருபத்தி நாலு.

— ஒண்ணுதான மாறியிருக்கு. கெடக்கட்டும் மாரி. மொதல்ல கையக் காலக் கழுவு. வேன்ல இருந்து எறங்குனதும் எறங்காததுமா… முடியெல்லாம் வெடிமருந்துப் பொடி.

— கழுவிக்கிடுறேன். இது கெடக்கட்டும்னு விடுற விசயம் இல்லப்பா. சனிக்கெளமை வந்தா மண்டபம் பூட்டிக் கெடக்கும். வந்தவக திட்டிட்டுப் போயிருவாக. பொறவு ஞாயித்துக்கெளமை யாரு வருவா?

— இதை ஒனக்கு யாரு சொன்னா?

— ருக்சானாதான், பிரஸ்ல இந்தப் போஸ்டர அடிச்சது அவதான. சாயங்காலம் கம்பெனி கேட்ல போன வாங்கிப் பாத்தா, அம்புட்டு தடவை கூப்பிட்டிருக்கா. பிரஸ் வாசல்ல வேன நிறுத்தச் சொல்லி எறங்கிப் பேசிட்டு வாரேன். அழுகுறா.

— சூதானமான புள்ளையாச்சே அது. எப்படித் தப்பு விட்டுச்சு?

— அவ என்ன செய்வா? ஆடிப்பெருக்குல இருந்து அங்கன ஓடுறது பூரா அடுத்த வருச காலண்டர் ஆர்டர். செவுத்துல தொங்குறது அடுத்த வருசம், மேசையில கெடக்குறது அடுத்த வருசம், மெசின்ல ஓடுறது அடுத்த வருசம். அடிக்கக் குடுத்தவக ‘ஆகஸ்ட் நாலாவது ஞாயிறு’ன்னு சொல்லியிருக்காக. தலையத் தூக்கி எதிர்க்க இருந்த காலண்டரப் பாத்திருக்கா. போட்டுட்டா.

— அப்ப ஒரு வருசம் முந்தியே வெளம்பரம் வந்துருச்சுன்னு சொல்லு.

— சிரிக்காதீக.

— சரி, சிரிக்கலை. ஒனக்கு ஏன்த்தா இம்புட்டு வேர்க்குது? ஒன் வீட்டு விசேசமா?

— ருக்சானாவுக்காகத்தான். மொதலாளி மீரான் மைதீன் காதுக்குப் போனா அவளத்தான வைவாரு. அவளே துண்டு அடிச்சு வெட்டிக் குடுத்துட்டா. இந்தா பாருங்க, பை நிறைய. ‘24, ஞாயிறு’. பழைய தேதி மேல இதை ஒட்டிட்டாப் போதும்.

— குடு. வச்சிட்டுப் போ. ஒட்டிருதேன்.

— எப்ப?

— ஒட்டுவேன்.

— எப்பன்னு கேக்கேன். நடுவுல நாளு இருக்கா? சரி, எங்கெங்க ஒட்டுனீக? அதையாவது சொல்லுங்க.

— எப்பவும் ஒட்டுற எடந்தான்.

— பஸ் ஸ்டாண்டுல?

— ம்.

— நானும் தினமும் வேன் சன்னல்ல தலைய நீட்டி நீட்டிப் பாக்கேன். ஒண்ணைக்கூடக் காணுமே.

— மேல கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருப்பான். செத்தவுகளோட போட்டி போட முடியுமா?

— விஸ்வநத்தம் முக்குல?

— மாடு தின்னுருக்கும். மைதாப் பசைன்னா மாட்டுக்கு உசுரு.

— விருதுநகர்ல?

— என்னத்தா, போலீஸ்காரன் கணக்கா கேள்வி கேக்க? நான் எத்தனை வருசமா போஸ்டர் ஒட்டுதேன். ஒரு சினிமாக்காரன், ஒரு கட்சிக்காரன் இப்படிக் கேட்டதில்ல. ஆமா, நமுத்த வெடிங்கிறது எந்தப் படம்?

— படம் இல்லப்பா. பேண்டு.

— கல்யாணத்துல முன்னாடி ஊதிக்கிட்டுப் போவாகளே, அந்த பேண்டா?

— அது இல்ல. மூணு நாலு பேரு சேந்து அவகளே பாட்டு எழுதி, அவகளே வாசிச்சு, அவகளே வீடியோ எடுத்து போன்ல போடுவாக. இப்ப ஊருக்கு ஊரு வந்துட்டாக. மதுரையில ஒரு கூட்டம், கோயில்பட்டியில பொம்பளப் புள்ளைக மட்டும் ஒரு கூட்டம்… தூத்துக்குடியில ஒருத்தன் உப்பளத்துக்குள்ள நின்னே பாடுறான். ஒண்ணைக் கேட்டாப் போதும், அதுவே அடுத்ததைக் காட்டிக் குடுக்கும்.

— படமில்லாம எதுக்குத்தா பாட்டு? யாரு ஆடுவா, யாரு அழுவா?

— கேக்குறவக அழுவாக.

— அது சரி. அதுக்கு ஊருல வேற பேரே கெடைக்கலையா? சிவகாசியில இருந்துக்கிட்டு நமுத்த வெடின்னு பேரு வச்சா வெளங்குமா? எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

— அதனாலதான்பா வச்சிருக்காக. வெடிக்காதுன்னு எல்லாரும் தூக்கிப் போட்டது… காய வச்சா வெடிக்கும்ல.

— பெருசாத்தான் யோசிச்சிருக்காக. யாரு கேக்கா இதையெல்லாம்?

— எங்க வேன்ல பூரா கேக்காக. இராமகிருஷ்ணன் அண்ணன் காலையில வண்டிய எடுத்ததும் இவக பாட்டத்தான் மொதல்ல போடுவாரு. சோலையம்மா அத்தை இருக்காகல்ல, முன் சீட்டைத் தட்டித் தட்டி தாளம் போடுவாக. கேட்ல போன வாங்கி வச்சிருவாக, உள்ள பாட்டுக் கேக்க முடியாது. அதனால வேன்ல கேட்டதை மனசுல வச்சு, வேலை பாத்துக்கிட்டே பாடுவோம்… பாடுவாக.

— பாடுவோமா, பாடுவாகளா?

— எல்லாருந்தான்.

— யாரெல்லாம் இருக்கா அந்தக் கூட்டத்துல? நம்ம பக்கத்துப் பயகளா?

— ஹரிஷ்குமார்னு ஒரு அண்ணன், கிதார். லோடு ஏத்துற வேலை, எங்க கம்பெனியில… ஒரு கம்பெனியில. தருண்குமார்னு ஒருத்தரு டிரம்ஸ். அவரு பிரஸ்ல கட்டிங் மெசின். அப்புறம்…

— அப்புறம்?

— பாடுறதுக்கு ஒரு புள்ள.

— அது எந்த ஊருப் புள்ள?

— யாருக்குத் தெரியும்.

— அந்தப் புள்ளைய எங்கன பிடிச்சாக?

— அது திரி வெட்டிக்கிட்டே பாடிட்டு இருந்துச்சாம். லோடு ஏத்த வந்த அண்ணன் பெட்டிய எறக்கி வச்சிட்டு அங்கனயே நின்னுட்டாராம். சூப்பர்வைசர் வந்து வஞ்சாராம்.

— யாருக்குத் தெரியும்னு சொன்ன, இம்புட்டு தெரிஞ்சு வச்சிருக்க?

— ருக்சானா சொன்னா.

— சரி, போடு பாப்போம் அந்த வீடியோவ.

— இப்பவா?

— பொறவு எப்ப? என்னத்தை ஒட்டுதேன்னு எனக்கும் தெரியணும்ல.

— கேளுங்க. பாக்க வேண்டாம். சார்ஜ் கொறைவா இருக்கு.

— பாக்குறதுக்குத் தனிச் சார்ஜா?

— இந்தா… கேளுங்க.

— …

— …

— ‘நமுத்துத்தான் கெடக்கேன், நாலு நாள் வெயில் குடு…’ நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதுனது?

— அந்தப் புள்ளதான்.

— எங்கன எடுத்தாக? தள்ளிப் பிடிக்காதத்தா, கொஞ்சம் கிட்டக் காட்டு. என்னமோ பறக்குதே.

— பிரஸ் பின்னாடி, கழிவுப் பேப்பர் குடோன். மேல இருந்து பேப்பர் வெட்டைக் கொட்டுனாக. கலர் கலரா இருக்குல்ல? செலவே இல்லாம எடுத்தது.

— நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது தடவை மேல போகையில கொரல் நிக்கலை. மூச்சு வாங்குது அந்தப் புள்ளைக்கு.

— மூச்சு வாங்கலை. அந்த எடத்துல அப்படித்தான் பாடணும். நாளெல்லாம் பொடிக்குள்ள உக்காந்திருக்கவக கொரல் அப்படித்தான் வரும். எல்லாரும் அந்த எடத்தைத்தான் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காக. ஒங்களுக்கு என்ன தெரியும்?

— சரி சரி. நீ எதுக்குத்தா கோவப்படுற?

— எனக்கென்ன கோவம்?

— போஸ்டர்ல ஒரு புள்ள கறுப்புக் கண்ணாடி போட்டு நிக்குதே, அதுதானா?

— ம். போஸ்டரப் பாக்கலைன்னீக?

— தேதியத்தான் பாக்கலை. மூஞ்சி பூரா ஊதாவும் மஞ்சளுமா அப்பி வச்சிருக்கே, அது கண்ணுல படாமயா இருக்கும்? அந்தக் கண்ணாடி, நான் வண்டி ஓட்டையில போடுறது மாதிரியே இருந்துச்சு.

— ரோட்டோரத்துல அதே மாதிரி ஆயிரம் விக்கான்.

— இருக்கும். என்னுதுதான் கொஞ்ச நாளாக் காணும். கண்ணுல தூசி விழுந்து சாகுதேன்.

— தேடித் தாரேன். பேச்ச மாத்தாதீக. எந்திரிங்க, நானும் வாரேன்.

— எங்க?

— துண்டு ஒட்டத்தான். எக்ஸெல் வண்டியில பின்னாடி உக்காந்துக்கிடுறேன். நான் பசை வாளியப் பிடிக்கேன், நீங்க ஒட்டுங்க.

— பொம்பளப் புள்ள நடுரோட்டுல பசை வாளியோட…

— மருந்து மேல உக்காந்து வேலை பாக்கலாம், ரோட்டுல வாளி பிடிக்கக் கூடாதா?

— வண்டியில பெட்ரோல் இல்ல.

— போற வழியில போட்டுக்கிடலாம்.

— பசை காய்ச்சலை.

— மைதா இருக்கு. நான் காய்ச்சுறேன்.

— மள வரும்போல இருக்கு.

— எங்கன மள? வானத்துல ஒரு பொட்டு மேகத்தைக் காணும். அப்பா, எனக்கென்னமோ நீங்க பாதியத்தான் ஒட்டியிருப்பீகன்னு தோணுது.

— பாதியெல்லாம் இல்லத்தா.

— பொறவு என்ன? வேலைன்னா எந்திரிச்சு ஓடுற ஆளு, இதுக்கு மட்டும் ஏன் இப்படி உக்காந்திருக்கீக?

— இது என்ன அம்புட்டு பெரிய விசயமா? இந்த மாசம் கூட்டம் வரலைன்னா அடுத்த மாசம் வச்சிட்டுப் போறாக.

— அடுத்த மாசம்னு ஒண்ணு கெடையாதுப்பா. ஹரிஷ் அண்ணனுக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருச்சு. அன்னைக்குக் கச்சேரிக்கு ஆளு வந்தா இங்கனயே இருக்கேன்னு சொல்லியிருக்காரு. வரலைன்னா கிதார வித்துட்டுப் போயிருவாரு. பேண்டு அம்புட்டுத்தான்.

— போன்லதான் ஆயிரம் பேரு பாக்காகளே?

— அது நம்பருப்பா. கையத் தட்டுறாகளா, எந்திரிச்சுப் போறாகளான்னு போன்ல தெரியுமா? மூஞ்சிக்கு நேர நாலு பேரு உக்காந்து கேக்கணும். ஒரே ஒரு தடவையாவது கேக்கணும்.

— யாரு பாடி?

— அந்தப் புள்ள பாடித்தான்.

— அது வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?

— வீட்டுல சொல்லலை. அன்னைக்கு இருக்கன்குடிக்குப் போறேன்னு சொல்லி வச்சிருக்கு.

— அட. நீயும் அன்னைக்கு இருக்கன்குடிக்குத்தான போறேன்ன? கோயில்ல நல்ல கூட்டமா இருக்கும்போல.

— இருக்கும்.

— ஏன் சொல்லலையாம்?

— பயந்தான். பொம்பளப் புள்ள மேடையேறிப் பாடுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. அதைக் கேட்டு அதோட அப்பா தலை குனிஞ்சிருவாரோன்னு பயம்.

— அப்பன்கிட்ட கேட்டுச்சா?

— கேக்கலை.

— கேக்காமலே குனிஞ்சிருவான்னு முடிவு பண்ணிருச்சாக்கும்.

— அப்பா.

— சொல்லு.

— அது நான்தான். பாடுறது நான்தான்பா. எழுதுனதும் நான்தான். நீங்கதான் ஒட்டப் போறீகன்னு தெரிஞ்சதும், ருக்சானாகிட்ட சொல்லி மூஞ்சியில கலரடிக்கச் சொன்னதும் நான்தான். கண்ணாடியும் ஒங்களுதுதான். ரெண்டு வருசமா ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். வையணும்னா பொறவு வைங்க, அடிக்கணும்னா அடிங்க. இப்ப எந்திரிச்சு வாங்க. எங்கெங்க ஒட்டுனீகன்னு மட்டும் காட்டுங்க, நானே தேதிய மாத்திக்கிடுறேன். அப்பா… ஏதாச்சும் சொல்லுங்கப்பா.

— ஒரு எடத்துலயும் ஒட்டலைத்தா. மொத நாளு பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல பசையத் தடவிட்டு, கட்டப் பிரிச்சு ஒண்ணை விரிச்சுப் பிடிச்சேன். நீ நின்னுக்கிட்டு இருந்த. அதே செவுத்துல எத்தனை பேரு மூஞ்சிய ஒட்டியிருக்கேன்… வெத்தலை எச்சியத் துப்புவான், கண்ணை நோண்டி வைப்பான், கீழ நின்னு ஒண்ணுக்கு இருப்பான். நான் பெத்த புள்ள மூஞ்சிய அங்கன வைக்க எனக்குக் கை வரலை. மூணு கட்டையும் ஒங்க பெரியப்பா வீட்டுப் பரண்ல ஏத்தி வச்சிருக்கேன். இப்ப ருக்சானாவுக்குப் போனப் போடு. படம் வேண்டாம், தேதியச் சரியாப் போட்டு வெறும் எழுத்தா அடிக்கச் சொல்லு, ஒம் பேரை மட்டும் கொட்டை எழுத்துல போடச் சொல்லு. ஊரு பூரா நான் ஒட்டுதேன்.