வெர்ன் கையில் வெடித்த துப்பாக்கியும் நான் வாங்கிய ட்ரிம்மரும்

பெயர்: ஜோலீன் ஹாகன்சன். வயது: 52. தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முகவரி: ஓல்டு டிச் சாலை, ஹாலோவே, மொன்டானா.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். காயம்பட்ட வெர்ன் ஹாகன்சன் என் தம்பி. கார்லா அவன் மனைவி. வேட்டைக்கு வேண்டிய தோட்டாக்களை எங்கள் இருவருக்கும் என் கொட்டகையில் நானே நிரப்புவது வழக்கம். சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை எறியாமல், மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துப் பயன்படுத்துவோம். திரும்பத் திரும்பச் சுடுவதால் உறையின் கழுத்து நீண்டுகொண்டே போகும். நீண்டதை வெட்டாமல் விட்டால் துப்பாக்கிக்குள் கழுத்து இறுகி, அழுத்தம் ஏறி, சுடுகிறவனுக்கே ஆபத்தாகும்.

அந்தக் கழுத்தை வெட்டும் என் பழைய ட்ரிம்மர் தேய்ந்துவிட்டபடியால் கடந்த கோடையில் வெர்னையும் அழைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மோட்டார் வைத்தது ஒன்று, கைப்பிடி சுற்றுவது ஒன்று, உள்ளங்கையில் அடங்குவது ஒன்று என எடுத்து வைத்தார். மோட்டார்தான் வேண்டும் என்றான் வெர்ன். அதில் நீளத்தை நாமே திருகி வைக்க வேண்டும். திருகு தளர்ந்தால் எல்லா உறையும் தப்பாகிவிடும் என்று எனக்குப் பட்டது. சின்னதில் திருக ஒன்றுமே கிடையாது. உறைக்குள் போகும் கம்பிதான் அளவு. கம்பி முட்டியதும் வெட்டு நின்றுவிடும். நாங்கள் இருவரும் வைத்திருக்கும் ஒரே ரகத் துப்பாக்கிக்கு அது போதும் என்று அதையே எடுத்தேன். அதற்கு வெர்ன், "இத வெச்சு பென்சில்தான் சீவலாம், ஜோ" என்றான். "சீவுறேன், நீ சும்மா வா" என்றேன். அதன் பிறகு எல்லா உறைகளையும் அதிலேயே வெட்டி, காலிப்பர் என்ற அளவுக் கருவியில் அளந்து பார்த்துத்தான் நிரப்பினேன்.

சம்பவத்தன்று காலை எல்க் மான் வேட்டைக்கு இருவரும் மேட்டு நிலத்துக்குப் போனோம். வெர்ன் வாய்க்காலைத் தாண்டி முன்னே சென்றான். நான் மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதன் பிறகு ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம் அல்ல. ஓடிப் பார்த்தபோது வெர்ன் பனியில் முழங்காலிட்டிருந்தான். இடது கை கிழிந்து, கண்ணுக்கு மேலிருந்து இரத்தம் வழிந்தது. துப்பாக்கியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்துத் துணியால் கையைக் கட்டி, அவனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன்.

மருத்துவமனைக் கூடத்தில் கார்லா எல்லோர் முன்பும், "காசு மிச்சம் புடிக்கிறேன்னு ஒரு பொம்மைய வாங்கி என் புருஷன் கண்ணைப் புடுங்கிட்டியேடி!" என்றாள். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்றே நினைத்தேன். அதன் பிறகு தங்கள் ஷெரிப் அலுவலகத்தார் என் கொட்டகைக்கு வந்து ட்ரிம்மரையும் மீதித் தோட்டாக்களையும் எடுத்துச் சென்றார்கள். அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேருந்தையும் வேறொருவர்தான் ஓட்டினார்.

நேற்று தங்கள் துப்பாக்கி நிபுணர் என்னை அழைத்து, தோட்டா உட்காரும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை, சுட்ட உறை முழுதாக இருக்கிறது, மீதித் தோட்டாக்களெல்லாம் அளவு சரி, குழல் பிளந்தது வாய்ப்பக்கத்தில், உள்ளே சேறு அடைத்திருந்ததுதான் காரணம் என்று கூறினார். அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். வெர்ன் விழித்திருந்தான், கண் கட்டை அவிழ்த்திருந்தார்கள், இரண்டு கண்ணாலும் பார்த்தான். சேற்றைப் பற்றிக் கேட்டேன். "வாய்க்கால்ல வழுக்கி விழுந்தேன், ஜோ. துப்பாக்கி மூக்கு சேத்துல சொருகிடுச்சு. தொடைச்சிட்டேன்னு நெனச்சேன். ஏன், உன்னையா புடிச்சாங்க?" என்றான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசித்துக் காட்டியபோது, கார்லா சொன்னதை அடித்துவிடும்படி கேட்டேன். எழுதியதை அடிக்க இயலாது என்று அதிகாரி கூறினார். ஆகவே, இன்று காலை கார்லா தான் சமைத்த உணவுப் பாத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்து, "சாப்பிடு மொதல்ல" என்று சொல்லி, நான் தட்டைக் காலி செய்யும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது.

நான் சொன்னது சொன்னபடி இதில் இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை இது உண்மை. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.

(ஒப்பம்) ஜோலீன் ஹாகன்சன்
என் முன்னிலையில்: துணை ஷெரிப்