ஐந்தருவிச் சாலையில் மழை இல்லை

டயரைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை சார். கார் வாங்குகிறவர் எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி என்று கேட்பார். பாட்டுக் கேட்க எத்தனை ஸ்பீக்கர் என்றுகூடக் கேட்பார். ஆனால் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அகலத்தில் நான்கு ரப்பர் துண்டுகள்தான். மேலகரத்தில் பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், எனக்குத் தெரியும்.

வேகத்துக்கு நான் எதிரி இல்லை. கார் பந்தயத்தை விரும்பிப் பார்ப்பேன். ரேஸ் டிராக்கில் தடம் மாறினால் போய் நிற்க மணல் இருக்கிறது, ஓட்டுகிறவன் தலையில் கவசம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. குற்றாலத்தில் தடம் மாறினால் சிப்ஸ் கடை இருக்கிறது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நடந்து போகிற குடும்பம் இருக்கிறது. இதைத்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவந்தேன். இந்த வட்டாரத்தில் கார் பைத்தியம் பிடித்த முப்பத்தாறு பேர் அதில் இருக்கிறோம். தொடங்கியது நான்தான். ஜோயல் வரும்வரை என்னை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ஜோயலின் குடும்பத்துக்குப் பூர்வீகம் வாசுதேவநல்லூர். அவர் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர், அங்கே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகியவர். பொன்செல்வியைக் கட்டிய பிறகு தென்காசிக்கே வந்துவிட்டார். பொன்செல்வி என்னிடம் கார் கற்றவள். கண்ணாடி பார்க்காமல் ஒருநாளும் வண்டியைத் திருப்ப மாட்டாள்.

"பவர் ஆபத்து இல்லைங்க அண்ணாச்சி. நல்ல பிரேக், நல்ல டயர் இருக்கிற வேகமான வண்டி உங்க ஸ்கூல் வண்டியவிடப் பத்திரம்" என்று ஜோயல் குழுவில் எழுதினார். கூடவே ஒரு படம். என் ஸ்கூல் வண்டி டயரின் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகியிருந்தார். நாணயம் உள்ளே இறங்கவே இல்லை. உண்மைதான், தேய்ந்திருந்தது. மறுநாளே மாற்றிவிட்டேன். படத்தை அழிக்கச் சொன்னேன். அவர் அழிக்கவில்லை. அந்த மாதம் என்னிடம் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் எழுதினேன்: சீசன் முடிவதற்குள் ஜோயல் ஐந்தருவிச் சாலையில் மோதுவார், மோதாவிட்டால் ஸ்கூலை மூடிவிடுகிறேன். "மூட வேண்டாங்க அண்ணாச்சி. போர்டுல 'டயர் பார்த்தாச்சு'ன்னு எழுதுங்க, போதும்" என்று பதில் போட்டார். குழுவே சிரித்தது.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. சில காலை வேளைகளில் நானே அந்தச் சாலையில் நின்று பார்த்தேன். நாற்பதுக்கு மேல் போக மாட்டார். குளித்துவிட்டு நடந்து வருகிறவர்களுக்கு வண்டியை நிறுத்தி வழி விடுவார். அதைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

சீசனின் கடைசி ஞாயிறன்று ஐந்தருவியில் எல்லோரும் கூடிக் காலைச் சாப்பாடு என்று ஏற்பாடு. நான் முதல் ஆளாகப் போய்விட்டேன். பிறகு மற்றவர்களோடு வந்த அகமது கபீர், குழுவின் வாயாடி, என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பெயிண்டு வாங்கியாச்சா? போர்டு எழுதணும்லா."

"எழுதுவோம் வே."

"பெருசா எழுதும். தென்காசிலேர்ந்து பாத்தாலும் தெரியணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் ஜோயலிடமிருந்து போன் வந்தது. அன்று சாப்பிட்டுவிட்டு நேரே கோயம்புத்தூர் டிராக்குக்குப் போவதாகத் திட்டம், அதனால் ரேஸ் டயர் மாட்டியிருந்தார். அதில் பள்ளம் கிடையாது. காய்ந்த சாலையில் பசைபோல ஒட்டும், ஈரத்தில் கண்ணாடிமேல் போவது போலத்தான்.

"அண்ணாச்சி, அங்க மழை பெய்யுதுங்களா? பெஞ்சா சாதா டயர் மாத்திட்டு வர்றேனுங்க."

பொறுப்பில்லாதவர் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அவரோ என்னிடமே கேட்டுக்கொண்டு வருகிறார்.

"மழை இல்லை" என்றேன்.

தென்காசியில் வெயில். எங்கள் தலைக்கு மேல் சாரல். நீங்கள் செங்கோட்டைக்காரர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாரலை நாம் மழை என்று சொல்வதில்லை. சாரலுக்குக் குடை விரிக்கிறவனை வெளியூர்க்காரன் என்போம். மழையா என்று கேட்டார், இல்லை என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கோயம்புத்தூரில் வளர்ந்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பா?

வளைவில் மருத மரங்கள் கவிந்திருக்கும் இடத்தில் நனைந்த சாலை தொடங்குகிறது. வண்டி ஐம்பத்திரண்டில் வந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். அது வேகமே இல்லை. இடது பக்கம் மரத்தில் மோதியது. பொன்செல்வி இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஜோயலுக்கு நெற்றியில் ஆறு தையல் மட்டும். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதாங்க சரி அண்ணாச்சி" என்றார். அந்த டயர் படத்தை அவரே அழித்துவிட்டார். இந்த முறை நான் கேட்கவில்லை.

பேச்சு இருபத்தாறு வினாடி நீடித்ததாக ஸ்டேஷனுக்கு வந்த போன் கம்பெனித் தாளில் இருக்கிறது. மிச்ச நேரத்தில் என்ன பேசினோம் என்கிறீர்கள். நாங்கள் பேசவில்லை. ஜோயலுக்குப் பின்னாலிருந்து பொன்செல்வியின் குரல் கேட்டது.

"மழையான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாவ. சாரல் உண்டான்னு கேளுங்க."

ஜோயல் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். உடனே திரும்பவும் அழைத்தார். ஐந்தருவியில் டவர் கிடைக்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். டவர் இருந்தது. ஜோயலின் பெயர் திரையில் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் கபீர், பதினோரு பேருக்கு இட்லி சொல்லக் கடைக்குக் கிளம்பினார். ஒன்பது பேருக்குப் போதும் என்றேன்.