மெழுகின சுவர்

கல்முனை பஸ்ஸில் என் முன்சீட்டில், வீடு வீடாகப் போய் மலேரியாக் காய்ச்சலைக் கணக்கெடுக்கிறவர், பக்கத்திலிருந்த வரிப்பத்தான்சேனை ஊர் வெள்ளாமைக்காரரிடம் அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"காக்கா, ஒங்கட ஊட்டுக் காய்ச்சலுக்கு நான் நன்றி சொல்லணும்."

"என்ன தம்பி கதைக்கிறீங்க? என்ட மகள் நடுங்கிக் கிடந்தாளே!"

"இப்ப சுகந்தானே?"

"ஓம், அல்ஹம்துலில்லாஹ்."

"ஊரெல்லாம் ஊட்டுச் செவருல நுளம்பு மருந்தடிச்சம், காய்ச்சல் நிண்டிச்சி. பள்ளியில கந்தூரிச் சோறு குடுத்ததாலதான் எண்டாங்க, மழை கொறஞ்சதால எண்டாங்க. ஒங்களுக்கும் அதே கந்தூரி, அதே மழை. ஆனா பெருநாளைக்கு மருந்தடிச்ச செவரை மண்ணால மெழுகி மருந்தை மூடினது ஒங்கட ஊடு மட்டுந்தான். காய்ச்சல் வந்ததும் அங்க மட்டுந்தான்."

வெள்ளாமைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"மண் கொழச்சிக் குடுத்தது நான்தான். நாளைக்கே வந்து திரும்ப அடிங்க தம்பி. காய்ச்சல் வராட்டி, அப்ப நன்றி சொல்றது நான்."