நாலாம் நம்பர் பட்டன்

தனேஸ்வரி: முப்பத்து மூணு நாள், அங்கிள். எண்ணிட்டேன். அப்பா போன்ல முப்பத்து மூணு மெசேஜ்.

சுகுமாறன்: வா வா... பினாங்குலேருந்து எப்ப வந்தே? மைலோ குடிக்கிறியா?

தனேஸ்வரி: நேத்து. மைலோ அப்புறம். தினமும் காலைல நாலே முக்காலுக்கு, "வேன் 4, கிளம்பலாம்"னு. இந்த ஆபீஸ்லேருந்துதான் போயிருக்கு. டிரைவருங்களை அனுப்புறது நீங்கதானே?

சுகுமாறன்: கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும் லா.

தனேஸ்வரி: ப்ரோக்ராம் எழுதினது நான்.

சுகுமாறன்: அப்போ உன் கோளாறு!

தனேஸ்வரி: சிரிக்காதீங்க. அந்த ஆக்சிடெண்டுக்கு அப்புறம் அப்பாவை வேன் ஓட்டுறதுலேருந்து நிறுத்தியாச்சு. ஆனா மெசேஜ் வந்ததும் குளிச்சிட்டு, நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு, வீட்டு கேட்டுகிட்ட உக்காந்துடுறாரு. எட்டு மணி வரைக்கும். பெக்டரிக்குப் போற ஆளுங்க எல்லாம் பாத்துக்கிட்டே போறாங்க. அம்மா அழுவுறாங்க. கொஞ்சம் நகருங்க, கம்ப்யூட்டரைப் பாக்குறேன்.

சுகுமாறன்: உக்காரு. அதே நாற்காலிதான். படிக்கிறப்ப லீவுல வந்து இதுலதானே உக்காந்து எழுதினே. வாயே திறக்க மாட்டே. உங்கப்பா இருசப்பண்ணன்தான் உனக்கும் சேத்துப் பேசுவாரு. "என் மவ பன்னெண்டு வேனுக்குப் பன்னெண்டு பட்டன் செஞ்சிருக்கா, பாருங்கய்யா"ன்னு...

தனேஸ்வரி: முதல் நாள் என்னாச்சுன்னும் ஞாபகமிருக்கா?

சுகுமாறன்: மறக்குமா! எந்தப் பட்டனை அமுக்கினாலும் பன்னெண்டாம் நம்பர் வேன் டிரைவர் கார்த்திகேசுக்கே போச்சு. பாவம், வரிசையா பன்னெண்டு மெசேஜ். எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு கைலியோட ஓடி வந்தாரு!

தனேஸ்வரி: தனித்தனியா எழுதாம, பைத்தான்ல ஒரே கட்டளையைப் பன்னெண்டு தடவ சுத்த விட்டு, லூப்ல செஞ்சேன். எல்லா பட்டனும் கடைசி நம்பரையே பிடிச்சுக்கிச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு. அப்பாதான், "பரவால்ல, ஒருத்தனாவது எழுந்திரிச்சானே"ன்னாரு.

சுகுமாறன்: ஆமா... அவரு அப்படித்தான்.

தனேஸ்வரி: ம்... இதோ. பாதித் தப்பு என்னுதுதான். அப்பாவை நிறுத்தினப்ப அவரு பட்டனை லிஸ்ட்லேருந்து எடுத்தேன். பினாங்கு பஸ்ஸுக்கு அவசரம்... ஸ்கிரீன்லேருந்து அழிக்கல.

சுகுமாறன்: ரெண்டும் ஒண்ணுதானே?

தனேஸ்வரி: இல்ல. லிஸ்ட்டுங்கிறது நாம புடிச்சு வச்சிருக்கிற வரிசை. காலைல அமுக்கினா பச்சையாகும், சாயங்காலம் அதுல இருக்கிற பட்டனுங்க எல்லாம் சாம்பல் கலருக்குத் திரும்பும். லிஸ்ட்ல இல்லாததை அது தொடாது. ஆனா பட்டன் ஸ்கிரீன்லயே இருக்கும், அமுக்கினா வேலையும் செய்யும். பாருங்க, சாயங்காலம் ஆகியும் நாலு மட்டும் பச்சையாவே நிக்குது.

சுகுமாறன்: அதான் சொன்னேனே, கோளாறு...

தனேஸ்வரி: தானா அமுங்காது அங்கிள்.

சுகுமாறன்: கை பட்டிருக்கும்.

தனேஸ்வரி: முப்பத்து மூணு நாளுமா?

சுகுமாறன்: ...ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வரிசையா அமுக்கிப் பழக்கம். நாலைத் தாண்டிப் போகக் கை வரலம்மா.

தனேஸ்வரி: அவரு நம்புறாரு அங்கிள். "சுகு கூப்பிடுறான், வேன் ரெடியானதும் வந்துரும்"னு.

சுகுமாறன்: அப்படியா சொல்றாரு...

தனேஸ்வரி: மத்தியானத்துல கட்டில்ல உக்காந்து, காலைத் தரையில வச்சு அமுக்கிப் பாக்குறாரு. பிரேக் போடுற மாதிரி. "ரவாங் சிக்னல்ல என் காலு லேட்டாயிருச்சு, அதான் லோரி மேல மோதிட்டேன், வயசாயிருச்சு"ன்னு.

சுகுமாறன்: ஐயோ...

தனேஸ்வரி: டெஸ்ட்ராய்னு ஒரே வரி. போட்டா பட்டன் போயிரும். நாளைக்கு மெசேஜ் வராது. அவரு தூங்கட்டும்.

சுகுமாறன்: இரு. போடாதே.

தனேஸ்வரி: ஏன்?

சுகுமாறன்: மெசேஜும் நின்னுட்டா, காலு போச்சுன்னே நம்பிருவாரு.

தனேஸ்வரி: அதானே நெசம்?

சுகுமாறன்: ...இல்லம்மா. அவரு காலு சரியாத்தான் அமுக்குச்சு. பிரேக் தேஞ்சு போச்சு, நாலாம் நம்பர் வேனை எடுக்காதீங்கன்னு ஆக்சிடெண்டுக்கு முந்தின நாளே வொர்க்‌ஷாப்ல சொன்னாங்க. நான்தான் உங்கப்பாகிட்ட சொல்லாம அனுப்பிட்டேன்.