தொட்டிலில் விட்டுப்போன பிள்ளைக்கு யார் தாய்?

அமைதியையே அணிகலனாகக் கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய மரியரட்ணம் அவர்களே! அயர்லாந்தின் கதைகளை அள்ளி வந்து நம் மடியில் கொட்டிய அம்மை நூலா அவர்களே! பிடிலைத் தோளிலும் புன்னகையை முகத்திலும் தாங்கி அருகிருக்கும் அவர் கணவர் டோனல் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துப் பொறுமையோடு கேட்கும் தாய்மாரே! பார்க்கிங் தேடிக் களைத்து, இப்போதுதான் வந்து வாசலோரம் நிற்கும் தம்பிமாரே, தங்கைமாரே! வெக்ஸ்போர்ட் கதைவட்டம் தன் முதலாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்த மாலையில், மகேஸ்வரன் என்ற இந்த எளியவனின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியதாகுக!

நாம் குடியேறி வாழும் இந்த வெக்ஸ்போர்ட்டின் பெயரில் அயர்லாந்திலும் ஓர் ஊர் உண்டு. அங்கே கடல், இங்கே கடைத்தெரு. அங்கே மேட்டுநிலத்து முள்மரம். இங்கே மேம்பாலத்து மின்கம்பம். ஆனாலும் அந்தக் கதைகள் இங்கே வந்து குந்தியிருக்க ஓர் இடம் கண்டுகொண்டன.

என்ன அண்ணை, சிரிக்கிறீர்கள்? நூலா என்றால் நூலகத்துப் பெண்மணியோ என்கிறீர்களா? பெயரில் நூல் உண்டு. ஆனால் அவர் கதைகள் நூலில் இருந்து வந்தவை அல்ல, நாவில் இருந்து வந்தவை. செவி தந்ததைச் செவிக்கே தரும் செல்வம் அது!

அவர்கள் நாட்டிலே, மண்மேடுகளுக்கு உள்ளே ஒரு கூட்டம் வாழ்வதாக நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியாத கூட்டம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் வருமாம். ஆகவே, "நல்ல சனங்கள்" என்பார்களாம். நமக்கு இது புதிதா? அம்மை நோயை நாம் நோய் என்றோமா? "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை அல்லவா செருகினோம்! அஞ்சியதற்கு அன்பான பெயர் வைப்பதிலே அவர்களும் நாமும் ஒரு தாய் மக்கள்.

அந்த நல்ல சனங்களைப் பற்றிய கதை ஒன்றால், இந்த மண்டபத்தில் நடந்ததைச் சொல்லவே இன்று நான் எழுந்தேன். சொல்வதற்குப் பிரதீபா எனக்கு அனுமதி தந்திருக்கிறார். அதோ, நடுவரிசையில் இருக்கிறார்.

சென்ற சித்திரையில் எங்கள் முதல் கூட்டம். நூலா ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தண்ணீர் அள்ளப் போகிறாள். திரும்பி வந்து தொட்டிலைப் பார்க்கிறாள். தன் பிள்ளையைக் காணவில்லை. நல்ல சனங்கள் அதை எடுத்துக்கொண்டு, தங்கள் பிள்ளை ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள். முகத்தைப் பாராது, கூப்பிட்டால் திரும்பாது, ஒரு சொல் பேசாது. அயலவர்கள் கூடினார்கள். மண் அள்ளும் இரும்புச் சவளை நெருப்பில் காய்ச்சினார்கள். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் இந்தப் பிள்ளை ஓடிவிடும், உன் பிள்ளை திரும்பிவிடும் என்றார்கள். அப்படியே செய்தாள், அப்படியே நடந்தது. கதை முடிந்தது. மண்டபம் கைதட்டியது.

கைதட்டல் அடங்க முன்னரே ஒரு குரல்.

"அப்ப, அந்தத் தொட்டிலிலை விட்டிட்டுப் போன பிள்ளை? அதை ஆர் பாத்தது?"

எழுந்து நின்றவர் பிரதீபா. அவர் பக்கத்திலே, காதுகளை மூடும் பெரிய ஹெட்போன் போட்டபடி, அவர் மகள் துர்க்கா. ஆறு வயது. அவளுக்கும் ஒரு காலத்தில் சொற்கள் இருந்தன: அம்மா, பால், நிலா. இரண்டு வயதுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வைத்தியர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். உறவினர்கள் வேறொன்று சொன்னார்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து, உறவுக்கார அன்ரி ஒருவர் சொன்னாராம்: "உது உன்ரை பிள்ளை மாதிரியே இல்லையடி. ஆரோ மாத்திப்போட்டினம்."

மாற்றிப்போட்டார்கள்! நான்கு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த அந்த முள்ளைத்தான், கடல்கடந்து வந்த ஒரு கதை அன்றைக்கு அழுத்தியது.

கேள்வியை மொழிபெயர்த்தேன். நூலா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். நிலைமையை உணர்ந்த டோனல் மெல்ல ஒரு மெட்டை எடுத்தார். அது முடிய முன்னரே பிரதீபா மகளோடு வெளியேறிவிட்டார்.

அடுத்த வாரம் நூலா என்னை அழைத்தார். அஜின்கோர்ட்டில் இருக்கும் பிரதீபாவின் அப்பார்ட்மெண்டுக்கு இருவரும் போனோம். மன்னிப்புக் கேட்டார் நூலா. கேட்டுவிட்டு, நேர்மையாகவே ஒன்று சொன்னார்.

"எனக்கு இந்தக் கதை இப்படித்தான் வந்தது. என் வசதிக்கு நான் அதை மாற்றினால், தந்தவர்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்."

பிரதீபா சொன்னார்: "மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. மிச்சத்தைச் சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"மிச்சம் எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

சொன்னார். வாஷிங்மெஷின் ஓடும்போது மகள் அதில் கன்னம் வைத்துக் கண்மூடி நிற்பதைச் சொன்னார். சனம் நிறைந்த கடைக்குள் அவள் வீரிட்டு அழ, சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையைச் சொன்னார். தலைவாரும்போது மட்டும் தாயின் மேல் சாய்ந்துகொள்ளும் அந்தச் சின்ன முதுகின் பாரத்தைச் சொன்னார்.

கேட்டு முடித்த நூலா, "இதை நான் சொல்லக் கூடாது. நீதான் சொல்ல வேண்டும்" என்றார்.

"மேடையிலையோ? ஐயோ, என்னாலை ஏலாது. சனம் என்ன சொல்லும்?"

"சனம் ஏற்கெனவே சொல்லிவிட்டது அல்லவா?"

அதைத் தமிழாக்கிச் சொன்னவன் நான், அன்பர்களே.

ஐப்பசி வந்தது. குளிர் தொடங்கும் அந்தக் காலம்தான் அவர்கள் நாட்டில் கதைகளுக்குக் கதவு திறக்கும் காலமாம். இதே மேடை. அதே கதை. தாய் தண்ணீர் அள்ளித் திரும்பினாள், தொட்டிலைப் பார்த்தாள். அந்த இடத்தில் நூலா நிறுத்தினார். கதிரையில் அமர்ந்தார். பிரதீபா எழுந்தார். விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்.

"அந்தத் தாய் குனிஞ்சு பாத்தாள். பிள்ளை அவளைப் பாக்கேல்லை. 'நீ ஆரின்ரை பிள்ளையோ எனக்குத் தெரியாது. ஆனா உனக்குப் பசிக்குது' எண்டு சொல்லித் தூக்கினாள். பால் குடுத்தாள். தலை வாரி இழுத்தாள். மாரி போச்சு, கோடை போச்சு. பிள்ளை பேசேல்லை. பேசாட்டிலும், அது எதுக்குச் சிரிக்கும், எதுக்குப் பயப்பிடும் எண்டு அவளுக்குத் தெரிய வந்திச்சு. ஒருநாள் ஊராக்கள் சவளைக் காய்ச்சிக்கொண்டு வந்திச்சினம். அவள் வாசலிலை நிண்டு சொன்னாள்: 'இவளை ஒருத்தரும் மாத்தேல்லை. இவள்தான் என்ரை பிள்ளை. சவளைக் கீழை வையுங்கோ.'"

அவ்வளவுதான் கதை. கைதட்டத் தோன்றவில்லை யாருக்கும். டோனல் பிடிலை எடுத்தார். மண்மேட்டுக்குள்ளே கேட்ட மெட்டு என்று அவர்கள் நம்பும் பழைய இசை. மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்ல இறங்கும் இசை. துர்க்கா எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். நடந்து வந்து, இசைத்துக்கொண்டிருந்த அந்தப் பிடிலின் மரத்திலே தன் உள்ளங்கையை வைத்தாள். டோனல் நிறுத்தவில்லை. அவளுக்கு எட்டும்படி முழந்தாளிட்டு, தொடர்ந்து வாசித்தார்.

என்ன தங்கச்சி, பேசினாளா என்று கேட்கிறீர்கள்? இல்லை. அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. பேசினால்தான் பிள்ளையா? பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பினால்தான் பிள்ளையா?

கோயில் வாசலில் அந்தச் சொல்லைச் சொன்ன அன்ரியும் அன்று மண்டபத்தில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் பிரதீபாவின் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். கேட்டார்: "பிள்ளைக்கு உந்தச் சத்தம் நல்ல விருப்பம் போலை. வேறை என்னென்ன விருப்பம்?"

பிரதீபா சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு, மண்டபத்து விளக்குகளை நாங்கள் ஒவ்வொன்றாக அணைக்கும் வரை முடியவில்லை.

அவையோரே! கதை என்பது என்ன? காலம் காய்ச்சி எடுத்த அச்சமா? ஆம், அச்சமும் உண்டு. அறியாமையா? ஆம், அதுவும் உண்டு. ஆனால் அச்சத்தைத் தந்த கதைக்குள்ளேயே, அதை எதிர்த்துக் கேட்க ஓர் இடமும் உண்டு! கேட்டவள் ஒரு தாய். கேட்கவிட்டு ஒதுங்கி அமர்ந்தவள் ஒரு கதைசொல்லி. கேட்ட தாயை வணங்குகிறேன். ஒதுங்கி அமர்ந்தவரை இருமுறை வணங்குகிறேன். அயர்லாந்து ஆனால் என்ன, ஈழம் ஆனால் என்ன? எந்த மண்ணின் கதையிலும், எந்த மாடியின் வீட்டிலும், ஏந்துவதற்கு இரு கை இருக்கும்வரை, விட்டுப்போன பிள்ளை என்று ஒரு பிள்ளை இல்லை! இல்லை! இல்லவே இல்லை!

பேச இடம் தந்த தலைவர்க்கும், செவியும் மனமும் தந்த உங்களுக்கும், தன் வாழ்வின் ஒரு பகுதியை நம்மோடு பகிர்ந்த பிரதீபாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். வணக்கம்.