பன்னிரண்டு நீல டிரம்கள்

கீரைக்குத் தண்ணீரை மடமடவென்று ஊற்றக் கூடாது ஐயா, பூப்போலத் தெளிக்க வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

டிரம்களைப் பற்றித்தானே கேட்டீர்கள். என் வீட்டுக்காரர் பூச்சிமருந்து ஆலையில் லாரி ஓட்டுகிறார். வண்டி கழுவத் தண்ணீர் பிடிக்கலாம் என்று காலி டிரம் பன்னிரண்டு கொண்டுவந்து போட்டார். நான்தான் அவற்றைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மொட்டைமாடியில் வைத்துக் கீரை விதைத்தேன். தளதளவென்று வந்தது.

கீழ்வீட்டில் கொழுந்தனார் குடும்பம். எனக்குப் பிள்ளை இல்லை, ஓரகத்திக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஏழு வயது. அம்மா சமைத்தால் மூக்கைச் சுளிப்பாள். என் கீரை என்றால் தட்டை வழித்துவிடுவாள்.

"எங்கம்மாவுக்குச் சமைக்கவே வராது பெரியம்மா" என்பாள். ஓரகத்தியின் முகம் சுண்டிப்போகும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மாடிக்கே வராத என் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி, அதுல விஷம்டி இருந்துச்சு. எத்தன தடவ கழுவினாலும் போகாது. எல்லாத்தையும் பிடுங்கிப் போடு."

"சரிங்க" என்றேன். அவர் அடுத்த லோடுக்குக் கிளம்பிப் போனார்.

கடைக்கீரை வாங்கிச் சமைத்துப் பார்த்தேன். பெரியவள் ஒரு வாய் தின்றுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது ஐயா. மூன்றாம் நாள் டிரம்மிலிருந்தே பறித்தேன்.

முதலில் அவளுக்கு வாந்தி வந்தது, அப்புறம் கை நடுக்கம். டாக்டருக்குப் பிடிபடவில்லை. ஓரகத்தி வேலைக்குப் போகிறவள், அதனால் குழந்தை பகலெல்லாம் என் மடியில்தான் கிடந்தாள். "போகாத பெரியம்மா" என்று விரலைப் பிடித்துக்கொள்வாள். அந்த நான்கு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. உடம்பு தேறட்டும் என்று கீரையைக் கொஞ்சம் கூடவே வைத்தேன்.

தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உயிர் போயிற்று.

ஓரகத்தி இடிந்துபோய்க் கிடக்கிறாள், அடுப்பே பற்றவைக்கவில்லை. சின்னவளுக்கு மூன்று வயது. காலையில் சிணுங்கிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்து, "அக்காவுக்குக் குடுத்தது எனக்கும் வேணும்" என்று நின்றாள்.

பசி என்று வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது ஐயா. ஊட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன்.