சார்ட்டில் ஒரே கையெழுத்து

காரைக்குடியிலிருந்து சிவகங்கை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்சுகள்.

“நான் ஆஸ்பத்திரியில அட்மிட்டே ஆகலையாம்,” என்றார் மூத்தவர். காதைத் தீட்டிக்கொண்டேன்.

“யாரு அக்கா சொன்னா?”

“இன்சூரன்ஸ்காரவுக. நோயாளி பேரும், காய்ச்சல் பார்த்து சார்ட்டுல எழுதுன நர்சு பேரும் ஒண்ணா இருக்காம், அப்ப நான் டூட்டியிலதான் இருந்தேனாம். ஸ்டாஃப் பாலிசியில கிளெய்ம் கிடையாதுன்னுட்டாக. அதுக்குத்தான் நம்ம ஆஸ்பத்திரி அவுக மேல கேசு போட்டிருக்கு.”

“படுத்துக்கிட்டு நீங்களேவா எழுதுனீக?”

“வார்டு நிறைய டெங்கு. டூட்டியில ஒருத்திதான் ஓடிக்கிட்டிருந்தா. சார்ட்டு காலியாக் கெடந்தா எனக்குப் பொறுக்காது. நானே பார்த்து எழுதிட்டேன். பழக்கதோஷம், கையெழுத்தும் போட்டுட்டேன்.”

“இன்னைக்கு ஜட்ஜு கேட்டா என்ன சொல்லுவீக?”

“கையெழுத்தும் என்னுதுதான், காய்ச்சலும் என்னுதுதான்னு சொல்லுவேன்.”